ஆலிவ் சக்கையும் சனுகி மாடும்

மாட்டுக்கு வைக்கோலில் செருப்பு பின்னிப் போட்டு மலையேற்றிய வழக்கம் ஜப்பானில் இருந்தது. ஷிகோகு தீவின் வடபகுதியில் கிழக்கு மேற்காக ஓடுகிறது சனுகி மலைத்தொடர். அதற்குத் தெற்கே அவா நாடு, வடக்கே சனுகி நாடு. இன்றைக்கு அவை தொகுஷிமா, ககாவா என்று இரண்டு மாகாணங்கள். எடோ காலத்தின் பிற்பகுதி தொட்டு 1960-கள் வரை, ஆண்டுக்கு இரண்டு முறை, அவாவின் மாடுகள் இனோஹானா, மிகாடோ, ஐகுரி ஆகிய கணவாய்களைத் தாண்டிச் சனுகிச் சமவெளிக்கு இறங்கின. கல் பாதையில் குளம்பு தேயாமலிருக்கத்தான் அந்த வைக்கோல் செருப்பு. ஒரு மாதம் போல உழுதுவிட்டுத் திரும்பும் மாட்டின் முதுகில் கூலியாக அரிசி மூட்டை ஏறியிருக்கும். இப்படி வந்துபோன மாட்டைக் ‘கரிகோ-உஷி’ என்பார்கள். இரவல் உழவு மாடு.

நான் ககாவாவின் தலைநகரான தகமட்சுவில் தீவனப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவன். தீவனத்திலும் இறைச்சியிலும் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று பிரித்து அளப்பது என் தொழில். அதனால் ஊருக்கு வந்தால் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஆலிவ் தின்ற மாட்டின் கறியில் ஆலிவ் ருசி வருமா? வராது. ஆனால் அந்தக் கறிக்கென்று ஒரு ருசி உண்டு. அந்த ருசிக்கு ஒரு வரலாறும் உண்டு. விற்பனைத் துண்டறிக்கைகள் அந்த வரலாற்றை 2010-லிருந்து தொடங்குகின்றன. அது மாடு வளர்த்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. ஆகவே நான் கணவாயிலிருந்து தொடங்குகிறேன்.

அவா மாடு ஏன் சனுகிக்கு வரவேண்டும்? காரணம் தண்ணீர். செட்டோ உள்நாட்டுக் கடலை ஒட்டிய ககாவாவில் ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டர் அளவுதான். ஜப்பானுக்கு அது குறைவு. பெரிய ஆறும் கிடையாது. அதனால் மக்கள் ஏரி வெட்டினார்கள். ஜப்பானிலேயே பரப்பில் மிகச் சிறிய இந்த மாகாணத்தில் இன்றும் ஏரி குளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரியது மன்னோ-இகே. உடைந்துபோன அதன் கரையைக் கட்டிக்கொடுக்க 821-இல் கூகாய் என்ற துறவியை அனுப்பினார்கள் என்பது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஜூன் நடுவில் மன்னோ-இகேயின் மதகைத் திறப்பார்கள். திறந்துவிட்டால் கீழே இருக்கும் வயல்களெல்லாம் ஒரே மூச்சில் நனையும். சில வாரங்களுக்குள் உழுது, சேறு கலக்கி, நாற்று நட்டாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மாடு வேண்டும். ஆனால் வயலும் ஏரியுமாக நிறைந்த சமவெளியில் புல்லுக்கு இடமில்லை. சில வார உழவுக்காக ஆண்டு முழுவதும் ஒரு மாட்டுக்குத் தீனி போடுவது கட்டுப்படியாகாது.

அவாவில் நிலைமை தலைகீழ். செங்குத்தான சரிவுகள், நெல் வயல் அபூர்வம், புல்லுக்கு மட்டும் குறைவில்லை. அங்கே மாடு வளரும், அரிசி விளையாது. இங்கே அரிசி விளையும், மாடு வளராது. நடுவில் ஒரு மலை. மாட்டை அனுப்பி அரிசியை வாங்குவது என்ற ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. ஜூன் மாத நடவுக்கு ஒரு முறை, அறுவடைக்குப் பிறகு கோதுமையும் பார்லியும் விதைக்க இலையுதிர்காலத்தில் இன்னொரு முறை. கணவாய் இறங்கும் இடத்தில், ஷியோனோயே பக்கத்து இவாபே போன்ற ஊர்களில், மாட்டுத் தரகர்கள் கூடினார்கள். மாட்டின் வயதையும் பழக்கத்தையும் பார்த்து எத்தனை நாளுக்கு எவ்வளவு அரிசி என்று பேசி முடித்தார்கள். உச்சத்தில் இருந்த 1930-களில் ஒவ்வொரு பருவத்திலும் மாடுகள் ஆயிரக்கணக்கில் மலை தாண்டின.

மாட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உப்பு, சர்க்கரை, பருத்தி மூன்றையும் ‘சனுகியின் மூன்று வெள்ளைகள்’ என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். சகியாமா ஷூகெய் என்ற வைத்தியர் 1790-இல் சனுகிக் கரும்பிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுத்துக் காட்டிய பிறகு கரும்பு ஆலைகள் பெருகின. கூரை வேய்ந்த வட்டக் குடிசைக்குள் மூன்று கல் உருளைகள், அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கும் மாடு. நம் கரும்பாலைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தகமட்சுவில் யாஷிமா மலையடிவாரத்தில் உள்ள ஷிகோகு-முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு ஆலைக் குடிசையைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். மாடு நடந்த வட்டத்தில் நானும் ஒரு சுற்று நடந்து பார்த்திருக்கிறேன். திரும்பும் வளைவு மிகக் குறுகல். நாள் முழுக்க அந்த வட்டத்தில் ஒரு மாடு நடந்திருக்கிறது என்பதை உடம்பால் உணர அந்த ஒரு சுற்றே போதும்.

அவாவின் மிமா பக்கத்தில், சிறுமியாக இருந்தபோது வீட்டு மாட்டைக் கணவாய்வரை வழியனுப்பப் போன ஒரு பாட்டியிடம் பேசியிருக்கிறேன். அரிசி வந்த மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாட்டின் விலா எலும்பைப் பற்றித்தான் சொன்னார். “இரவல் மாடு என்றால் யாருக்கு ஐயா இரக்கம்? வாங்கியவர்கள் இரவும் பகலும் உழுவார்கள். திரும்பி வரும்போது விலா எலும்பை எண்ணலாம். அப்பா அரிசி மூட்டையை இறக்குவதற்கு முன்னால் மாட்டுக்குத்தான் பார்லிக் கஞ்சி காய்ச்சுவார்.” இளைத்துப்போன மாட்டை மறுபடி சதை பிடிக்க வைப்பதில் அவா மக்கள் தேர்ந்தவர்களாக இருந்ததில் வியப்பில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை அவர்கள் அதைச் செய்தாக வேண்டியிருந்தது. எந்தத் தீனிக்கு உடம்பு எப்படித் தேறும், ரோமம் எப்போது மினுங்கும், சாணம் எப்போது இறுகும் என்று பார்த்துப் பார்த்துக் கற்ற கை அது.

இந்த மாடுகளை அவர்கள் சாப்பிட்டார்களா? பொதுவாக இல்லை. பேரரசர் தென்மு 675-இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் கறியை ஆண்டின் பாதி மாதங்களுக்குத் தடைசெய்தார். அந்த ஆணையும் பௌத்தத்தின் செல்வாக்கும், அவற்றைவிட முக்கியமாக உழவு மாட்டின் தேவையும் சேர்ந்து, மாட்டுக்கறியைச் சாதாரண வீட்டு அடுப்பிலிருந்து விலக்கி வைத்தன. 1872-இல் மெய்ஜி பேரரசர் தாம் மாட்டுக்கறி சாப்பிட்டதை ஊரறியச் செய்த பிறகு நகரங்களில் கறிக்கடை பெருகியது. கிராமத்திலோ மாடு தொடர்ந்து உழுதது. வயதான பிறகுதான் கறிக்கு விலைபோனது. 1900-ஐ ஒட்டிச் சிமெண்டால், பிரவுன் ஸ்விஸ் போன்ற ஐரோப்பிய இனங்களோடு கலந்து உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பெரிதான மாடு உழவுக்குச் சுறுசுறுப்பில்லாமல் போனது, கறியின் தரமும் இறங்கியது. பத்தே ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது. நல்ல குணங்களை மட்டும் தேர்ந்து நிலைப்படுத்திய கருப்பு வாக்யூ 1944-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது.

பிறகு 1950-களில் கை உழவு இயந்திரம் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கணவாய் வெறிச்சோடியது. உழவு போன மாட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை கறியாவதுதான். ஆனால் வளர்த்த குடும்பங்கள் அப்படியே இருந்தன, அவர்கள் கைப்பழக்கமும் இருந்தது. கொழுக்க வைக்கும் மாட்டுக்கு எதைப் போட்டால் கொழுப்பு என்னவாகும் என்பது வாய்வழி அறிவாகப் பரவியது. பார்லி போட்டால் கொழுப்பு வெள்ளையாக, கட்டியாக உறையும். அரிசித் தவிடு கூடினால் இளகும். பச்சைப்புல்லைக் கடைசிவரை தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாகும். அதனால் இறுதி மாதங்களில் பச்சையை நிறுத்திவிட்டு வைக்கோல் போடுவார்கள்.

இவை ஒவ்வொன்றையும் நான் பின்னாளில் கருவியில் பார்த்தேன். மஞ்சளுக்குக் காரணம் புல்லின் கரோட்டின். தவிட்டு எண்ணெயின் அமிலங்கள் கொழுப்பை இளக்குகின்றன. புல்லிலிருந்து வரும் லினோலெனிக் அமிலம் வேகும்போது சிதைந்து ஒரு பச்சை வாடையைத் தருகிறது. ஜப்பானியருக்கு அந்த வாடை பிடிப்பதில்லை; அர்ஜென்டினாக்காரருக்கு அதுதான் மாட்டுக்கறியின் மணம். விரலால் கொழுப்பை அழுத்திப் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடித்த விவசாயிகள்மேல் எனக்குள்ள மரியாதை, கருவியைப் பழகப் பழகக் கூடியதே தவிரக் குறையவில்லை.

இனிக் கடலைத் தாண்ட வேண்டும். தகமட்சுவிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் ஷோதோஷிமா. ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர், மலைப்பாங்கான தீவு. நெல்லுக்கு ஏற்ற சமநிலம் குறைவு. ஆகவே இந்த ஊர் வெளியிலிருந்து பொருளை வாங்கி, பக்குவப்படுத்தி, திருப்பி விற்றுப் பிழைத்தது. ஒசாகா கோட்டைக்குக் கல் வெட்டிக் கொடுத்த தீவு இது. சோயா சாஸ் காய்ச்சுவதையும் மெல்லிய சோமென் நூடுல்ஸ் இழுப்பதையும் 400 ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டது. ஆளுயரத்துக்கு மேலான சீடர் மரத்தொட்டிகளில் இன்றும் சோயா புளிக்கிறது; அப்படிப்பட்ட தொட்டிகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. சோமென் இழை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க எள் நெய் தடவுவார்கள். அதனால் எள் ஆட்டும் தொழிலும் வளர்ந்தது. இன்று ஜப்பானியச் சமையலறைகளில் எங்கும் காணக்கிடைக்கும் கதோயா நல்லெண்ணெய் 1858-இல் இந்தத் தீவில் தொடங்கிய தொழில்தான்.

இந்தத் தொழில்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஏதோ ஒரு சக்கை மிஞ்சும். சோயாவைப் பிழிந்தால் உப்புக் கரிக்கும் சக்கை. எள்ளை ஆட்டினால் புண்ணாக்கு. சோயாச் சக்கையில் புரதம் நிறைய, உப்பும் நிறைய. கொஞ்சமாகக் கலந்து போட்டால் மாடு நக்கித் தின்னும், கூடினால் தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கும். மனிதன் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதை மாட்டின் வாய்க்கு ஏற்றதாக்குவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. ஆலிவ் கடைசியாக வந்து சேர்ந்த சக்கை, அவ்வளவுதான்.

ஆலிவ் வந்தது மீனுக்காக. ரஷ்யாவோடு நடந்த போர் 1905-இல் முடிந்து, ஜப்பானுக்கு வடகடல் மீன்பிடிப்பு விரிந்தது. பிடித்த மீனை எண்ணெயில் போட்டு டின்னில் அடைக்க ஆலிவ் எண்ணெய் வேண்டும். வேளாண் வணிக அமைச்சகம் 1908-இல் அமெரிக்காவிலிருந்து கன்றுகள் தருவித்து மியே, ககோஷிமா, ககாவா மூன்று இடங்களில் நட்டுப் பார்த்தது. ககாவாவில் தேர்ந்த இடம் ஷோதோஷிமாவின் நிஷிமுரா. மற்ற இரண்டிலும் மரம் தேறவில்லை. இங்கே காய்த்தது. சனுகி விவசாயியை ஏரி வெட்ட வைத்த அதே மழைக்குறைவு ஆலிவுக்குத் தோதாக அமைந்தது. மரத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டு ஒன்று ஜப்பானிலேயே இருந்தது. வந்தேறி மரத்தின் சுவையை அது பிடித்துக்கொண்டது. அடிமரத்தைச் சுற்றிக் களையெடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக் காப்பாற்றினார்கள்.

1959-இல் ஆலிவ் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் ஸ்பெயின் எண்ணெயோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 1960-களில் ஏறத்தாழ 130 ஹெக்டேராக இருந்த தோப்புகள் 1980-களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கின. மீட்சி 2003-இல் வந்தது. சிறப்பு மண்டலம் என்று அறிவித்து, நிறுவனங்களும் விளைநிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். சாஸ் தயாரித்தவர்கள் உட்படப் பலர் மரம் நட்டார்கள். எண்ணெய் பெருகியது, கூடவே சக்கையும் பெருகியது. நூறு கிலோ காயைப் பிழிந்தால் பத்துப் பதினைந்து கிலோ எண்ணெய் கிடைக்கும். மற்றதெல்லாம் தோலும் சதையும் உடைந்த கொட்டையும் கரிய தண்ணீரும்.

அந்த ஈரச் சக்கையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பச்சை மணம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் புளிக்கும். அதற்கு மேல் சிக்கெடுத்த எண்ணெய் வாடை ஆலை முழுதும் பரவும். நாக்கில் வைத்தால் தொண்டைவரை கசப்பு. ஆலிவின் கசப்புக்குக் காரணமான ஒலியூரோபீன், மரம் தன் காயைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் பொருள். மாடு ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

2000-களின் பிற்பாதியில் இந்தச் சக்கையோடு மல்லுக்கு நின்றவர் ஷோதோஷிமாவின் மாட்டு விவசாயி இஷி மசாகி. அப்போதே அவர் முதியவர். மாட்டுக்குப் பச்சையாகப் போட்டுப் பார்த்தார், மாடு தொடவில்லை. அவருக்கு வழி காட்டியது பெர்சிமன் எனப்படும் காக்கிப் பழம். துவர்க்கும் காக்கியைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் காய வைத்தால் துவர்ப்பு அடங்கி இனிப்பு மேலேறும். ஜப்பானியக் கிராமத்து வீட்டு இறவாரங்களில் குளிர்காலம் முழுக்க அந்தப் பழச்சரங்கள் தொங்கும். அதேபோல ஆலிவ் சக்கையையும் உலர்த்தினால் என்ன என்று அவர் எண்ணினார். வெயிலில் உலர்த்திப் பார்த்தார், சூடேற்றியும் பார்த்தார். ஈரம் போனதும் புளிப்பது நின்றது. சூட்டில் சர்க்கரை லேசாகக் கருகிக் கசப்பை அமுக்கியது. மாடு தின்றது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இதன் அருமை, தீவனத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் சக்கையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவது பழைய வழக்கம். ஆனால் அங்கே அது பற்றாக்குறைக் காலத்துத் தீனி, வயிற்றை நிரப்ப வேறு எதுவும் இல்லாதபோது போடுவது. இஷி அதைக் கடைசி மாதங்களில் மேல்தீனியாக மாற்றினார். உலர்ந்த சக்கை காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். உள்ளங்கையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை ஒட்டும். நறுமணம் கருப்பட்டிப் பாகுக்குப் பக்கத்தில் வரும், கடைசியில் இழையாக ஒரு புளிப்பு. தொட்டியில் மற்ற தீவனத்தின் மேல் தூவியதும் மாடு முதலில் அதைத்தான் தேடி நக்குகிறது. ஒரு பண்ணையில் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூளை ஒரு கிடாரி விடாமல் நக்கித் துடைத்துவிட்டது. அதன் நாக்கின் சொரசொரப்பு அன்று மாலைவரை தோலில் எரிந்தது.

இதே காலத்தில் ககாவாவின் கடலிலும் ஆலிவ் புகுந்தது. ஹமாச்சி மீனைக் கடலில் அடைத்து வளர்ப்பது உலகிலேயே முதலில் 1928-இல் ககாவாவின் ஹிகேதாவில், ஆதோ-இகே என்ற உப்பங்கழியில் தொடங்கியது. நறுக்கிய ஹமாச்சியின் சிவந்த பகுதி சீக்கிரம் பழுப்பாகிவிடும்; கடைக்காரர்களுக்கு அது ஓயாத தலைவலி. ஆலிவ் இலையைப் பொடித்துத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் பழுப்பது தாமதமாகிறது, சதையும் இறுக்கமாகிறது என்று மாகாண மீன்வள ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆலிவ் ஹமாச்சி 2008-இல் சந்தைக்கு வந்தது. மாட்டுக்குச் சக்கை, மீனுக்கு இலை. இரண்டிலும் எதிரி ஒன்றுதான்: கொழுப்பையும் நிறத்தையும் கெடுக்கும் ஆக்சிஜன்.

2010-இல் மாகாண அரசும் கூட்டுறவும் சேர்ந்து ‘ஆலிவ் மாடு’ என்ற வணிகப் பெயரை அறிவித்தன. விதி சுருக்கமானது. சனுகி மாடு என்ற தரத்துக்குத் தகுதிபெற்ற கருப்பு வாக்யூவாக இருக்க வேண்டும். அறுப்புக்கு அனுப்புமுன் குறைந்தது இரண்டு மாதம், நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் ஆலிவ் தீவனம் போட்டிருக்க வேண்டும். 2017-இல் மியாகி மாகாணத்தில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேசிய வாக்யூ போட்டியில், ககாவா மாடுகள் கொழுப்பின் தரத்துக்கான சிறப்புப் பரிசை வென்றன. பெரிய மாகாணங்களுக்கு நடுவே இந்தக் குட்டி மாகாணத்தின் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் கூடத்தில் வேலையே ஓடவில்லை. சீனர், ஜப்பானியர், நான் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம்.

இந்த 100 கிராம் விஷயத்துக்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலம் 70 சதவீதத்துக்கு மேல். நல்ல வாக்யூ கொழுப்பிலும் ஓலிக் அமிலம் பாதிக்கு மேல். ஆகவே ஆலிவ் எண்ணெய்தான் கறிக்குள் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். இது தவறு. நாளுக்கு 100 கிராம் என்றால் இரண்டு மாதத்துக்கு 6 கிலோ சக்கை. உலர்ந்த சக்கையில் எண்ணெய் பத்துப் பதினைந்து சதவீதம் என்று வைத்தாலும் ஒரு கிலோவுக்கு உட்பட்டதுதான். அளவை இரட்டித்துக்கொள்ளுங்கள், இரண்டு கிலோ ஆகாது. கொழுத்த வாக்யூவின் உடம்பில் கொழுப்பு மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு மாட்டின் வயிற்றின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள், உள்ளே வரும் ஓலிக் அமிலத்தின் பெரும்பகுதியை ஹைட்ரஜன் ஏற்றி ஸ்டியரிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. ஸ்டியரிக் 69 டிகிரியில்தான் உருகும். அதை மறுபடி ஓலிக் ஆக்குவது மாட்டின் கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி. அந்த நொதியின் வேகம் மாட்டுக்கு மாடு, வம்சத்துக்கு வம்சம் மாறும். அதாவது ஓலிக்கின் பெரும்பங்கு வம்சத்திலிருந்தும், 28, 30 மாதம் பொறுமையாகத் தீனி போட்ட கையிலிருந்தும் வருகிறது.

அப்படியானால் ஆலிவ் என்னதான் செய்கிறது? என் கணிப்பில் இரண்டு வேலை. கொழுத்த மாட்டுக்குக் கடைசி மாதங்களில் பசி மந்தமாகும். தொட்டியில் தீனி மிஞ்சும், எடை நிற்கும். விவசாயிக்கு இதைவிட வயிற்றைக் கலக்கும் காலம் இல்லை. அப்போது இனிப்பு வாசம் வீசும் மேல்தீனி மாட்டைத் தொட்டிக்குத் திருப்புகிறது. இது முதல் வேலை, பெரிய வேலை. இரண்டாவது, சக்கையில் மிஞ்சிய பாலிஃபீனால்களும் வைட்டமின் இ-யும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களின் இறுதியில் மாட்டுக்கு வைட்டமின் இ சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கறி பல நாள் சிவப்பு மாறாமல் இருந்தது, கொழுப்பு சிக்கெடுப்பதும் தாமதமானது. அந்த ஆய்வுதான் தீவனத்தில் சேர்க்கும் துணைப்பொருளால் கறியைக் காக்கலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. சிக்கெடுத்த கொழுப்பில் உருவாகும் ஹெக்ஸனால் போன்ற பொருள்களின் வாடை, நல்ல மணங்களை மூடிவிடும். அந்த மூடி விலகினால் கறி தன் சொந்த மணத்தோடு வாய்க்கு வரும். ஆலிவ் ருசி கறியில் இருப்பதில்லை. கறியின் ருசி கெடாமல் இருக்கிறது.

அந்தச் சொந்த மணம் எது? மட்சுயிஷி மசனோரியும் குழுவினரும் 2001-இல் அதைப் பற்றி எழுதினார்கள். தேங்காயையும் பழத்தையும் நினைவூட்டும் இனிய கொழுப்பு மணம். அதில் லாக்டோன் எனும் சேர்மங்களுக்குப் பங்குண்டு. 80 டிகிரியில் வேகும்போது அது மிகத் தெளிவாக எழுகிறது. ஷாபு-ஷாபு என்ற சமையலில் மெல்லிய துண்டுகளைக் கொதிக்காத சூட்டில் ஆழ்த்தி எடுப்பதன் பொருள் இதில் விளங்குகிறது.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். தண்ணீர் கொதி வந்து, அடுப்பைத் தணித்து, கொப்புளம் அடங்கிய பிறகு ஒரு துண்டைச் சாப்ஸ்டிக்கில் பிடித்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். ரோஜா நிறம் சாம்பலாக மாறத் தொடங்கும் இடத்தில், வெள்ளைக் கோடுகளாக இருந்த கொழுப்பு முதலில் கண்ணாடிபோல் தெளியும். அந்தக் கணத்தில் மூக்கைப் பாத்திரத்துக்கு அருகே கொண்டுபோனால் பிடிபடும். நன்கு கொதிக்கும் நீரில் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில், மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்து விட்டு ஒரு மணி நேரம் வேகவைத்த மாட்டுக்கறியைத் தின்று வளர்ந்தவன் நான். அந்தக் குழம்புக்கு இந்தக் கறி தேவையில்லை. அதில் மசாலாதான் பேசும், உழைத்த மாட்டின் இறுகிய சதைதான் ஈடுகொடுக்கும்.

ஆலிவ் வாக்யூ என்று இணையத்தில் தேடினால் நீலக்கடல், பச்சைத் தோப்பு, சிரிக்கும் முதியவர். இஷியின் உழைப்புக்கு அந்தப் புகழ் தகும், குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் சக்கையைத் தூவிய தொட்டியில் ஏற்கெனவே வைக்கோலும் பார்லியும் இருந்தன. எது கொழுப்பை வெளுக்க வைக்கும், எது இளக்கும் என்ற கணக்கும் இருந்தது. மலை தாண்டி உழைத்து இளைத்து வந்த மாட்டை நாள்கணக்கில் கஞ்சி ஊற்றித் தேற்றியவர்களின் மாகாணம் இந்த வரலாற்றின் பக்கத்து வீடு. அவாவில் புல் அறுத்தவர்கள் யாருக்கும் சிலை இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. துண்டறிக்கையில் இரண்டு வரியாவது அவர்களுக்கு இருக்க வேண்டும் என்று கூட்டங்களில் நான் கேட்டிருக்கிறேன். ‘வாங்குபவர்கள் குழம்பிப் போவார்கள்’ என்பதே கிடைத்த பதில். கறிக்கு இவ்வளவு விலை கொடுப்பவர்களுக்கு இரண்டு வரி படிக்கப் பொறுமை இருக்காது என்று நான் நம்பவில்லை.

இப்போது மாட்டுச் சாணம் எருவாகி ஆலிவ் தோப்புக்கே திரும்புகிறது. நல்ல சுற்று. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. சக்கை எவ்வளவு கிடைக்கும் என்பதை மாட்டுக்காரர் முடிவுசெய்ய முடியாது. எண்ணெய் எவ்வளவு பிழிகிறார்களோ அவ்வளவுதான். ஆலிவ் ஒரு வருடம் குலுங்கக் காய்த்தால் மறுவருடம் ஓயும் மரம். புயல் வந்தால் அந்தப் பருவம் போயிற்று. போதாததற்கு இப்போது ஆலிவ் பன்றி, ஆலிவ் கோழி என்று தொட்டிக்கு வரும் வாய்களும் கூடிவிட்டன. 2,000-த்தை ஒட்டிய எண்ணிக்கையில் மாடுகளை ஆண்டுதோறும் இந்தப் பெயரில் அனுப்பவேண்டிய மாகாணத்தில், ஆலை வாசலில் நாறிக் கிடந்த சக்கைக்கு இன்று முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். காய்ப்பு குறைந்த ஆண்டுகளில் அந்த 100 கிராமைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள்.